பழைய ரூட்

“போன தடவையை விட பிரஷர் ஏறியிருக்கே! மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?” என்றார் டாக்டர்.

“போடறேன் டாக்டர்,” என்றார் பஸ் டிரைவர்.

“நெரிசல் ரூட்ல ஓட்டி ஓட்டி, உங்க உடம்பு எந்நேரமும் சண்டைக்கு நிக்கிற மாதிரி விறைச்சுக்கிட்டு இருந்துச்சு. அதனாலதான் ரூட்டை மாத்தச் சொல்லி டிப்போவுக்கு எழுதிக் கொடுத்தேன். இப்ப நிம்மதியான வேலைதானே, அப்புறம் என்ன டென்ஷன்?”

டிரைவர் தயங்கினார். “பழைய ரூட்டையே வாங்கிக் கொடுத்துடுங்க டாக்டர்.”

“மறுபடி அந்தக் கூட்டத்துலயா? எதுக்கு?”

“மார்க்கெட் ஸ்டாப்புல தினமும் ஒரு பொண்ணு ஏறும். கண்ணாடியில அது முகத்தைப் பார்த்துட்டா, அன்னிக்கு யார் திட்டினாலும் எனக்கு உறைக்காது. இப்ப பார்க்காம தூக்கமே வரல.”

டாக்டர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “இந்த வயசுலயா? அந்தப் பொண்ணு உங்ககிட்ட பேசுமா?”

“திரும்பிக்கூடப் பார்க்காது.”

“யார் அது?”

டிரைவர் தாழ்ந்த குரலில் பதில் சொன்னார். டாக்டர் மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை பழைய ரூட்டில் மார்க்கெட் ஸ்டாப் வந்ததும் டிரைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். அவள் முன்படியில் ஏறினாள். விறுவிறுவென்று உள்ளே போனவள் சட்டென்று நின்றாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் சீட்டருகே வந்தாள்.

“ஒரு மாசமா உங்களைக் காணோமே, உடம்புக்கு என்னப்பா?”

அவர் பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்டு வீட்டை விட்டுப் போன மகள், அதன்பிறகு அவரிடம் பேசிய முதல் பேச்சு அது.

“இப்ப ஒண்ணுமில்லம்மா,” என்றார்.

தன் ஸ்டாப் வரும்வரை அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.