முதல் மார்க் வாங்கிய கொக்கு

"இது நாற்காலியா, இல்ல பிரசவக் கட்டிலோட குட்டியா?"

டிசைன் சார் கேட்டதும் வகுப்பே சிரித்தது.

ஊசி தலையைக் குனிந்துகொண்டாள். நர்சிங் படிக்கிற பெண். ஆசைப்பட்டு இந்த வகுப்பையும் கூடுதலாக எடுத்திருந்தாள். வந்த அன்றைக்கே அவளுக்கு 'ஊசி' என்று பேர் வைத்துவிட்டார்கள். இந்த நாற்காலியில் தேறினால்தான் அடுத்த பருவமும் இங்கே இடம். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"கைப்பிடி ஏன்மா இவ்வளவு நீளம்?"

"முட்டி வலிக்காரங்க ஊன்றி எழுந்திருக்கத்தான் சார். வார்டுல தினம் பார்க்கிறேனே. அதான் உயரமும் கொஞ்சம் கூட்டினேன்."

"வார்டை எல்லாம் இங்க தூக்கிட்டு வந்தா எப்படி?"

பக்கத்தில் இன்னொரு மாணவன் செய்த நாற்காலி. கொக்கு மாதிரி மெல்லிசாக ஒற்றைக் காலில் நின்றது. சார் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். கண் பட்டுவிடும் போலிருந்தது.

"உட்கார்ந்து பார்க்கலையா சார்?" ஊசி மெதுவாகத்தான் கேட்டாள்.

"உட்காரணும்னா ஒரு முக்காலி போதும்மா. இது டிசைன் வகுப்பு. இங்க கண்ணாலதான் உட்காரணும்."

மறுபடியும் சிரிப்பு. கொக்குக்காரன் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தான்.

இரண்டு நாள் கழித்து வகுப்புக் கதவில் மார்க் பட்டியல் ஒட்டினார்கள். கொக்குக்கு முதல் மார்க். ஊசிக்குக் கடைசி, தேறவில்லை. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வரி வேறு: 'அழகுணர்ச்சி துளியும் இல்லை.'

ஐந்து வாரம் பட்டறையில் மரத்தூள் தின்றதற்கு இதுதான் பலன். நாற்காலியையாவது வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவோம் என்று கதவைத் தள்ளினாள்.

உள்ளே சார் காலை நீட்டி முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். எதிரே மேஜையில் சிவப்புப் பேனா. அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தது அவளுடைய நாற்காலியில்.

"என்னம்மா?"

"நாற்காலியை எடுத்துட்டுப் போக வந்தேன் சார்."

சார் தொண்டையைச் செருமினார். "அது... இங்கேயே இருந்துட்டுப் போகட்டுமே. ரெண்டு நாளா இதுல உட்கார்ந்துதான் மார்க்கே போட்டேன்."

ஊசி மூலையில் நின்ற கொக்கைத் தூக்கிவந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

"இதுல மாறி உட்காருங்க சார். முதல் மார்க் வாங்கினது."

சார் கொக்கைப் பார்த்தார். எழுந்திருக்கவே இல்லை.