நூற்றுக்கு நூறு

பூபாலன் என் காலைத் தொட்டானா, குனிந்ததோடு சரியா என்பது இப்போது உறுதியாக நினைவில்லை. கெஞ்சியது மட்டும் காதிலேயே இருக்கிறது.

"அக்கா, பழசை மனசுல வெச்சு மார்க் போட்டுடாதீங்க. இந்த நிதி கிடைச்சா ஐ.டி. வேலையை விட்டுட்டு முழுநேரமும் நாடகந்தான்."

என் நாடகக் குழுவில் இருந்தவன். நாடகத்தின் முடிவைப் பார்வையாளர்களே கைபேசியில் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் என் திட்டத்தைத் திருடி, நாச்சாரத்தில் தனிக்குழு தொடங்கியவன். இப்போது அதே திட்டத்துக்காக, புதிய கலை முயற்சிகளுக்கான நிதி கேட்டு வந்திருந்தான். நடுவர்களில் நான் ஒருத்தி.

நூற்றுக்கு நூறு போட்டேன்.

பக்கத்திலிருந்த நடுவர் அனுபமா திகைத்தாள். "கைக்கு மேடம்?" உள்ளூர் உருதுவில் 'ஏன்' என்று கேட்டாள். "உங்க ஐடியாவைத் திருடினவனுக்கா முழு மார்க்?"

"அவன் போனப்புறம் தார்நாகாவில நானே அதைப் பத்து தடவை போட்டுப் பார்த்தேன், அனு. பத்து தடவையும் ஜனங்க ஒரே சுபமான முடிவுக்குத்தான் ஓட்டுப் போட்டாங்க. முடிவு தெரிஞ்சுபோன நாடகத்துக்கு யார் வருவாங்க? பதினோராவது தடவை அரங்கமே காலி."

"அவன்கிட்ட சொல்லலையா?"

"அவன் கேக்கலையே."

நிதி கிடைத்ததும் பூபாலன் வேலையை விட்டான். எட்டே மாதத்தில் குழுவைக் கலைத்தான். அனுபமா என்னோடு பேசுவதில்லை. நான் இன்னும் நடுவராக இருக்கிறேன்.