மண்டியிடாத குலம்

"மூச்சை விடுங்க ஐயா. கில்ட்டைக் கட்டிக்கிட்டுச் சாப்பிடவும் வேணும்ல?"

"அடுத்த மாச விழாவுல எல்லார் கண்ணும் என் மேலதான். பாத்துத் தை."

டூகல் மெக்கில்வ்ரே எக்கியிருந்த வயிற்றை மனமில்லாமல் விட்டார். இஷ்பெல்லின் அளவு நாடா நான்கு அங்குலம் நீண்டது. ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸில், ஆண்கள் பாவாடைபோல் முட்டிவரை கட்டும் கில்ட்டைத் தைப்பவள் அவள். இடுப்பை அளந்து முடித்துத் தரையைக் காட்டினாள்.

"இனி உயரம். மண்டி போடுங்க. விளிம்பு தரையைத் தொட்டும் தொடாம நிக்கணும்."

மெக்கில்வ்ரே சிலிர்த்துக்கொண்டார். "மண்டியா? எங்க குலத்துல எவனும் இங்கிலீஷ்காரன் முன்னால மண்டி போட்டதில்ல. வாளுக்குக் கழுத்தை நீட்டினோம், முட்டியை மடக்கல!"

"நான் பக்கத்துத் தெருக்காரிதானே?"

"யாரா இருந்தா என்ன? நிக்கறபடியே அள."

"சரி. ஆனா நின்னு அளந்தா, நிக்கறதுக்கு மட்டும்தான் நான் பொறுப்பு. விழாவுல தப்பித்தவறி மண்டி போட்டீங்கன்னா, பின்னாடி உக்காந்திருக்கறவங்க என்னத்தைப் பாப்பாங்களோ!"

மெக்கில்வ்ரே வாசலுக்குப் போனார். கதவைத் தாழிட்டார். சன்னல் திரையை இழுத்துவிட்டார். திரும்பி வந்து, முக்கி முனகி மண்டியிட்டார்.

இஷ்பெல் நாடாவோடு குனிந்தாள். "என்னய்யா இது? விழா எங்க?"

"லண்டன்ல. அரண்மனையில." குரல் தரையோடு போயிற்று. "சர் பட்டம் தர்றாங்க. மண்டி போட்டாத்தான் தருவாங்களாம்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அளந்தாள். "ஆச்சு, எந்திரிங்க."

"கொஞ்சம் இரும்மா," என்றார் மெக்கில்வ்ரே. "அப்படியே பழகிக்கறேன்."