கண்மூடிய படகு

பாடகர்களும் ஓவியர்களும் ஒரு வாரத்துக்கென்று வந்து வருடக்கணக்கில் தங்கிவிடும் அந்தக் கடற்கரைக் கிராமத்துக்கு ஒருநாள் போயிருந்தேன். மணலில் வடக்கே சாய்ந்து கிடந்த புதுப் படகின் முன்னால் அதன் சொந்தக்காரி செலஸ்டினா கத்திக்கொண்டிருந்தாள். படகுக்குக் கண் வரையச் சொன்னால், சடைமுடி ஓவியன் யாழன் இரண்டு கண்களையும் மூடியபடி வரைந்துவைத்திருந்தான்.

“தூங்குற படகை எப்படிடா கடல்ல இறக்குறது? சாமியார் வேற மந்திரிக்க வர்றாரு!”

“நான் பார்க்கும்போது அது நல்லா தூங்கிக்கிட்டு இருந்துச்சுக்கா. பார்த்ததைத்தானே வரைய முடியும்?”

சர்ச்சிலிருந்து சாமியார் வந்தார். மூடிய கண்களைக் குனிந்து பார்த்தார். “எந்திரிக்கட்டும்” என்று தீர்த்தச் செம்போடு மணலில் உட்கார்ந்துவிட்டார். கண்களைத் திருத்தி வரையலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. படகை எழுப்புவதற்காக டிரம் அடித்தார்கள், கிட்டார் வாசித்தார்கள், அதைச் சுற்றிச் சுற்றி ஆடினார்கள். மீன் வறுத்து படகின் மூக்கருகே நீட்டினார்கள். எனக்கும் இரண்டு துண்டு கிடைத்தது.

சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பியவன், “எந்திரிச்சிருச்சாக்கா?” என்று தூரத்திலிருந்தே கேட்டேன்.

செலஸ்டினா பதறிப்போய் உதட்டில் விரல் வைத்தாள்.

“மெதுவாப் பேசுங்க தம்பி. இப்பத்தான் புரண்டு படுத்துச்சு.”

படகு தெற்கே சாய்ந்து கிடந்தது.