சிரிக்கிற மூஞ்சிக்கு அஞ்சு மார்க்கு

"சிரிக்கிற மூஞ்சி எது? தொட்டுக் காட்டு."

மோனிகா அட்டையைப் பார்த்தாள். வரிசையாக ஐந்து மூஞ்சிகள். இந்த ஓரத்தில் இருந்தது வாய்கொள்ளாமல் சிரித்தது, அந்த ஓரத்தில் இருந்தது கண்ணீர் வடித்தது. அவள் விரல் நேராக அழுகிற மூஞ்சிக்குப் போனது.

ஆரோக்கியமேரி அந்தக் கையில் பட்டென்று ஒன்று வைத்தாள். "எத்தினி வாட்டி சொல்றது? மண்டையில இன்னா களிமண்ணா? சிரிக்கிறதத் தொடு!"

"கால் வலிக்குதும்மா..."

"வலிக்கட்டும். மார்க்குதான் முக்கியம்."

பெற்ற தாயா இவள் என்று பார்க்கிற யாருக்கும் கோபம் வரும். எட்டு வயசுப் பிள்ளை, தலையில் ஒரு முடி கிடையாது, இன்னொரு கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து நாலு மாதம் ஆகிறது. அதைப் போய் அடிக்கிறாளே! ஆனால் மேரி படுகிற பயம் மேரிக்குத்தான் தெரியும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரப்பர் வாஷர் செய்யும் கம்பெனியில் எட்டு வருஷமாக அவளுக்குச் செக்கிங் வேலை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து மார்க் போடவேண்டும். நல்லது பச்சை டிரேக்குப் போகும், மார்க் குறைந்தது சிவப்புத் தொட்டியில் விழும். சாயங்காலமானால் சிவப்புத் தொட்டி பின் கேட் வழியாக வெளியே போய்விடும். போனதை யாரும் திரும்பக் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவளிடம்தான் போன மாதம் நர்ஸ் திலகவதி இந்த அட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். "புள்ளைங்க எப்படி இருக்காங்கன்னு வாரா வாரம் மார்க் போடப்போறோம்மா. சிரிப்புக்கு அஞ்சு, அழுகைக்கு ஒண்ணு." அதற்கு மேலும் திலகவதி என்னென்னவோ சொன்னாள். மார்க் என்றதுமே மேரிக்குச் சிவப்புத் தொட்டிதான் கண்முன் வந்தது. மற்றதெல்லாம் காதில் ஏறவில்லை.

அன்றைக்கு மோனிகாவை ஸ்கேனுக்குக் கூட்டிப்போயிருந்ததால் அந்த வாரம் தப்பித்தாள். பக்கத்துக் கட்டில் காயத்ரிதான் மாட்டினாள். அழுகிற மூஞ்சியைத் தொட்டாள், அவ்வளவுதான், ஒரு மணி நேரத்தில் சக்கர நாற்காலி வந்தது.

தரைத்தளத்து வார்டிலிருந்து நாற்காலியை லிஃப்டுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். துணிப்பையைத் தூக்கிக்கொண்டு அவள் அம்மா சின்னப்பொண்ணு அழுதபடியே பின்னால் ஓடினாள். மத்தியானமே அந்தக் கட்டிலில் வேறொரு பிள்ளை படுத்திருந்தது. காயத்ரியை அப்புறம் மேரி கண்ணால் காணவில்லை.

அன்று தொடங்கிய பயிற்சி இது. மூன்று வாரமும் மோனிகா அஞ்சுக்கு அஞ்சு. நர்ஸ் தலை மறைந்ததும் துண்டைக் கடித்துக்கொண்டு முனகுவாள். மேரி காலைப் பிடித்துவிட்டபடி, "மாதாவே, எம் புள்ளய ரிஜெக்ட் பண்ணிடப் போறாங்கம்மா. இந்த ஆஸ்பத்திரிய வுட்டா எனக்கு வேற போக்கு கெடையாது" என்று மனசுக்குள்ளேயே கதறுவாள்.

இன்று நாலாவது வாரம். காலையிலிருந்து பிள்ளை ஒரு வாய் இட்லிகூட இறக்கவில்லை. கால் எலும்புக்குள்ளே யாரோ குடைகிறார்கள் என்கிறாள்.

"அம்மா, இன்னிக்கு மட்டும் அழுவுற மூஞ்சியத் தொட்டுக்கட்டா? ஒரே ஒரு வாட்டிம்மா."

மேரி அவள் வாயைப் பொத்தினாள். "வாணாண்டி தங்கம். ஒன்னயும் தூக்கினு பூடுவாங்க. பல்லக் கடிச்சிக்கோ, உன் கால்ல வேணும்னாலும் வுழறேன்."

திலகவதி வந்துவிட்டாள். "மோனிகா குட்டிக்கு இன்னிக்கு எந்த மூஞ்சி?"

பிள்ளை அம்மாவைப் பார்த்தது. போர்வைக்குள்ளே மேரி அதன் தொடையை அழுத்தினாள். மெல்லப் போன விரல் அழுகிற மூஞ்சிமேல் ஒரு நொடி நின்றது, பிறகு நகர்ந்து சிரிக்கிற மூஞ்சியைத் தொட்டது. சொல்லிக்கொடுத்தபடியே பல்லும் தெரிந்தது.

"நெஜமாவா? மொகமே வாடிக் கெடக்குதே."

"தூக்கக் கலக்கம் சிஸ்டர். வலியாவது ஒண்ணாவது! காத்தாலேர்ந்து ஒரே ஆட்டந்தான்."

திலகவதி தயங்கினாள். பிறகு அஞ்சு என்று எழுதினாள். மேரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த தெம்பில் வாயை அடக்க முடியாமல் கேட்டேவிட்டாள்.

"சிஸ்டர், அப்போ எங்கள வெளிய அனுப்ப மாட்டீங்கல்ல?"

"வெளியவா? உங்கள எதுக்கு அனுப்பப்போறோம்?"

"காயத்ரிய அனுப்பிட்டீங்களே, அழுவுற மூஞ்சியத் தொட்டான்னு. அதான் எம் பொண்ணுக்கு நல்லா சொல்லிக்குடுத்து வச்சிக்கீறேன். ஒரு மார்க்கு கொறையாது சிஸ்டர்."

திலகவதி எழுதுவதை நிறுத்தினாள். பிள்ளையின் கடிபட்ட உதட்டைப் பார்த்தாள். கையிலிருந்த தாள்களைப் பரபரவென்று பின்னால் புரட்டினாள். அஞ்சு, அஞ்சு, அஞ்சு.

"காயத்ரி மூணாவது மாடியில வலி டாக்டர்கிட்ட இருக்காம்மா. ரெண்டே நாள்ல வலி அடங்கி, நல்லா தின்னு தூங்குறா."

"அப்போ... இந்த மார்க்கு?"

திலகவதி இப்போது எழுதிய அஞ்சை அடித்தாள்.

"மார்க்கு கொறைஞ்ச புள்ளைங்களுக்குத்தாம்மா மொதல்ல மருந்து!"