ஒல்லிப் பலகை

"சொல்றதைக் கேளு இங்குன். அந்த ஒல்லிப் பலகையை எடு. காத்தா பறக்கும்" என்றாள் தூர்டிஸ்.

கடைச் சுவரில் சாய்த்து வைத்திருந்த பனிச்சறுக்குப் பலகைகளைப் பார்த்துக்கொண்டிருந்த இங்குனுக்கு, அந்த நொடியே அகலமானவற்றின் மேல் ஆசை வந்துவிட்டது. மாமியார் தூர்டிஸ் கிழக்கே கை காட்டினால் மேற்கே நடப்பது என்பது கல்யாணமான நாளிலிருந்து அவள் வைத்திருக்கும் கொள்கை. மலைக் குடிலின் ஜன்னலுக்குச் சாம்பல் நிறத் திரைதான் எடுப்பாக இருக்கும் என்று தூர்டிஸ் ஒரு மாதம் ஓதினாள். இங்குன் பளிச்சென்று மஞ்சளில் வாங்கி மாட்டினாள். வந்தவர்கள் எல்லாரும் அந்த மஞ்சளைத்தான் புகழ்ந்தார்கள்.

ஆனால் இது திரைபோலச் சின்ன விஷயம் இல்லை. குடிலில் குழாய் கிடையாது. ஈஸ்டர் விடுமுறைக்குப் போகும்போது யார் கடைசியாக வந்து கதவைத் தொடுகிறாரோ, அவர்தான் விடுமுறை முடியும்வரை ஏரியின் உறைபனியில் துளை போட்டுத் தண்ணீர் சுமக்க வேண்டும். கழிப்பறை வாளியும் அவர் பாடு. போன வருஷம் இரவல் பலகையில் தத்தித் தத்திப் போய்ச் சேர்ந்த இங்குன்தான் அத்தனையும் சுமந்தாள். பெர்கன் நகரத்து மழையிலேயே வளர்ந்தவளுக்குப் பனியைப் பற்றி என்ன தெரியும் என்று கேலி வேறு. இந்த வருஷமும் வாளியைத் தூக்குவதாக இருந்தால் விவாகரத்தே மேல் என்று கணவன் எஸ்பெனிடம் சொல்லிவிட்டுத்தான் கடைக்கு வந்திருந்தாள்.

"ஏன் அத்தை, ஒல்லிதான் வேணும்னு இவ்வளவு பிடிவாதம்?"

"உன் நல்லதுக்குத்தாம்மா. அகலம் கனம். உன் காலு தாங்காது."

"என் காலுக்கு என்ன குறை?"

"ஒண்ணும் இல்ல. போன வருஷம் பார்த்தேனே, அதான் சொன்னேன்."

இங்குனின் முகம் சிவந்தது. விற்பனையாளர் மெல்ல நடுவில் புகுந்தார்.

"ரெண்டுமே நல்லதுதாங்க. சமதளத்துல தூரமா போக ஒல்லி. புதுப்பனி, சரிவுன்னா அகலம். நீங்க போற வழி எப்படி? காடு மட்டும்தானா, இல்ல நடுவுல..."

"காடுதான். பனியும் முழங்காலுக்கு விழும். ஒல்லியில போனா புதைஞ்சுதான் போவேன். சிலருக்கு அதுதானே வேணும்?" என்ற இங்குன், "அகலத்தையே கட்டுங்க" என்றாள்.

"சொன்னா யார் கேக்கறாங்க" என்று முணுமுணுத்த தூர்டிஸ், கையுறை அலமாரிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஈஸ்டர் வந்தது. கதவை மூடியிருக்கும் பனியை வாரிப் போட்டு அடுப்பு மூட்ட எஸ்பென் ஒரு நாள் முன்பே குடிலுக்குப் போய்விட்டான். அன்று இரவு கொட்டிய பனியில் அவன் போன தடமே இல்லை.

மறுநாள் காட்டு விளிம்பில் காரை நிறுத்திவிட்டு இருவரும் பலகைகளை மாட்டினார்கள். இங்குனின் பலகை பனியின் மேலாகவே நின்றது. தூர்டிஸ் தன் பழைய ஒல்லிப் பலகையோடு முழங்கால்வரை இறங்கிவிட்டாள்.

"பார்த்தீங்களா அத்தை?"

"பார்த்தேன், பார்த்தேன். நீ முன்னால போம்மா. அகலப் பலகைக்காரங்கதான் தடம் போடணும். இங்க அதான் வழக்கம்."

முன்னால் போகச் சொன்னால் கசக்குமா? இங்குன் கிளம்பினாள். ஒவ்வொரு அடிக்கும் காலைத் தூக்கி, பனியை மிதித்து அழுத்தி, பிர்ச் மரங்களுக்கு நடுவே மேட்டில் ஏறினாள். வேர்வையில் உள்சட்டை முதுகோடு ஒட்டியது. அவள் அழுத்திப் போட்ட தடத்தில், தண்டவாளத்தில் ரயில் ஓடுவதுபோல, தூர்டிஸின் ஒல்லிப் பலகை நோகாமல் வந்துகொண்டிருந்தது. ஆரஞ்சு உரிக்கும் வாசனைகூட வந்தது.

"நல்லா போடறம்மா தடம். தார் ரோடு தோத்துது போ."

மாமியார் வாயிலிருந்து இங்குன் கேட்ட முதல் பாராட்டு அது. இன்னும் வேகமாகத் தடம் போட்டாள்.

காடு முடிந்தது. எதிரே உறைந்த ஏரி. அக்கரையில் குடில், புகைபோக்கியில் புகை, வாசலில் எஸ்பென். ஏரியின் மேல் விழுந்த பனியையெல்லாம் காற்று வாரிக்கொண்டு போய், தரை சிமெண்டுபோலக் கெட்டியாகக் கிடந்தது. இங்குன் ஊன்றுகோலில் சாய்ந்து மூச்சு வாங்கினாள்.

தூர்டிஸ் கடைசி ஆரஞ்சுச் சுளையை வாயில் போட்டுக்கொண்டு தடத்தைவிட்டு வெளியே வந்தாள்.

"நீ மெதுவா வாம்மா" என்றாள். அவ்வளவுதான், ஒல்லிப் பலகை பறந்தது.

இங்குன் பதறிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். அகலப் பலகை கெட்டிப் பனியில் படார் படாரென்று அடித்ததே தவிர நகர்ந்தபாடில்லை. அவள் கதவைத் தொட்டபோது மாமியார் காலணியைக் கழற்றிவிட்டு, சூடான கோகோ குடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் வாளி தயாராக இருந்தது.

இங்குன் வாளியைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கு இறங்கினாள். அவள் தலை மறைந்ததும் எஸ்பென் கிசுகிசுத்தான்.

"ஏம்மா, அவ அகலத்தைத்தான் வாங்குவான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்குத்தானேடா ஒல்லி வாங்கு, ஒல்லி வாங்குன்னு தொண்டைத் தண்ணி வத்தக் கத்தினேன்" என்ற தூர்டிஸ், ஜன்னல் திரையை ஆசையாகத் தடவிக்கொடுத்தாள். "பலகை ஒரே நாள்ல முடிஞ்சுது. இந்த மஞ்சளை வாங்க வைக்கத்தான் ஒரு மாசம் ஆச்சு."