மருந்தும் உப்புநீரும்

ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒட்டிப் படுத்தே வளர்ந்த அக்காள் தங்கை எலிகளை ஒருநாள் அடுத்தடுத்த தனித்தனிக் கூண்டுகளில் அடைத்தார்கள். இருவர் மூக்கிலும் கொரோனா கிருமியைச் சொட்டினார்கள். பிறகு தினமும் அக்காவின் வாயில் புது மருந்தை ஊற்றினார்கள்; தங்கையின் வாயில் அதே அளவு உப்புநீரை ஊற்றினார்கள்.

ஐந்தாம் நாள் அக்கா எழுந்து ஓடினாள். தங்கைக்கு மூச்சு இரைத்தது.

"எனக்கு மட்டும் ஏன்க்கா மருந்து இல்ல?"

"நியாயமா யோசிடி. மருந்தில்லாம ஒருத்தி கிடந்தாத்தானே, நான் தேறினது மருந்தாலன்னு தெரியும்?"

"அந்த ஒருத்தி ஏன் நானா இருக்கணும்?"

"சீட்டுக் குலுக்கித்தானே போட்டாங்க. இதுல என்ன ஓரவஞ்சனை?"

"அந்தச் சீட்டு உனக்கு விழுந்திருந்தா, அப்பவும் இதே நியாயத்தைப் பேசியிருப்பியா?"

அக்கா யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு மூலையில் போய் உட்கார்ந்தாள். இரண்டு நாள் யோசித்தாள். மறுக்கவே முடியாத பதில் ஒன்று கிடைத்ததும் தங்கை பக்கக் கம்பியோரம் ஓடி வந்தாள்.

பக்கத்துக் கூண்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

அக்கா அந்தப் பதிலை முழுதாகச் சொன்னாள். எதிர்த்துப் பேச யாருமில்லை.